மன்னார்த் தீவின் சிறு பாய்ப்படகில் கட்டுதளவாடம்: தெரிவும் பொருத்துதலும்

1. எல்லையும் வினாவும்

படகைக் கரையிலோ நங்கூரத்திலோ பிடித்து நிறுத்தும் கயிறு, படகின் உடலை எங்கே, எப்படிப் பற்றுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். கயிற்றைச் சுற்றிக் கட்டும் கிளீட், நிமிர்ந்து நிற்கும் கட்டுக்குற்றி, கயிற்றை வழிப்படுத்தும் வளையம், இவற்றின் அடியில் வைக்கும் தாங்குபலகை ஆகியன சேர்ந்து இங்கே கட்டுதளவாடம் எனப்படும். ஆய்வுக்கு எடுத்த படகு 5.5 மீற்றர் (18 அடி) நீளமுள்ள பைபர் உடல், ஒற்றைப் பாய்மரம், தேவைக்கு மாட்டிக்கொள்ள ஒரு வெளியிணைப்பு இயந்திரம். பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் கரையோரம் நிற்பவற்றில் இந்த அளவுப் பைபர் உடல்கள் நிறைய. பாய்தான் அருகிவிட்டது. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையேறிக் கிடந்ததை நினைத்து, தம் படகுக்கு மீண்டும் பாய் பூட்ட எண்ணுபவரை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

வினா ஒன்றுதான்: கிளீட் பிடுங்கிக்கொண்டு போகும்போது உண்மையில் தோற்றது எது?

2. இரு கடலும் இரு இழுவையும்

மன்னார்த் தீவு மெல்லிய நாக்காக வடமேற்கே நீண்டு, ஆதாம் பாலத்து மணல்திட்டுகளைத் தொடுகிறது. வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஆண்டின் ஒரு பாதி ஒரு கடல் கொந்தளிக்க, மற்றது அடங்கிக் கிடக்கும். ஏறத்தாழ மே தொடக்கம் செப்ரெம்பர் வரை சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, தென்கரையைப் போட்டு அடிக்கும். தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகள் (மொத்தம் 103.5 மெகாவாற்று) இந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. மின்சாரத்துக்கு நல்ல காற்று. கட்டியிருக்கும் படகுக்கு அல்ல.

சோளகக் காலத்தில் வடகரையில் நிற்கும் படகைக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிறது. அலை குறைவு, இழுவை சீரானது. கயிறு எப்போதும் விறைத்தே இருக்கும். வாடை, அதாவது வடகிழக்குப் பருவக்காற்று, தொடங்கியதும் அதே கரை காற்றுக்கு எதிர்முகமாகிறது. இப்போது அலை படகைத் தூக்கிக் கரைப்பக்கம் எறியும், நங்கூரக் கயிறு தளர்ந்து மறுகணம் வெட்டி இழுக்கும். கரைக்குப் போகும் பின்கயிற்றின் மேல் இருந்த பாரம் அணியத்துக்கு, அதாவது படகின் முன்தலைக்கு, மாறிவிடுகிறது. பருவம் மாறும் வாரங்களில் இந்த மாற்றம் ஓர் இரவுக்குள் நிகழ்ந்துவிடலாம். ஆகவே அணியத்தில் வலிய கிளீட்டும் பின்புறத்தில் ஒப்புக்கு ஒரு வளையமும் என்ற வழக்கமான ஏற்பாடு இங்கே பொருந்தாது. இரு முனைகளும் ஒரே வலுவுடன் இருக்கவேண்டும்.

3. மரவள்ளம் வைத்திருந்த விடை

பலகையால் கட்டிய பழைய வள்ளத்தில் கிளீட் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. கயிற்றைக் குறுக்குச் சட்டத்திலோ பாய்மரத்தின் அடியிலோ முன்தலைக் கட்டையிலோ சுற்றிவிடுவார்கள். அந்தச் சட்டம் வங்குகளோடு, அதாவது விலாச்சட்டங்களோடு, பிணைந்தது. வங்குகள் ஏராவில், அடிமரத்தில், ஊன்றியவை. இழுவை அப்படியே உடல் முழுவதும் பரவிப்போகும். வள்ளத்தின் எலும்புக்கூடே அதன் கட்டுதளவாடம்.

சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்புகளை இங்கே சான்றாகக் காட்டுவது வழக்கம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1843இல் முத்துக்குளிப்பு பற்றித் தனி நூலே எழுதினார். பின்னாளில் உயிரியலாளர்களான ஹெர்ட்மனும் ஹோர்னலும் அங்கிருந்த முத்துச்சிப்பிப் பார்களை ஆராய்ந்தனர். பெருந்தொகையான பாய்த்தோணிகள் நள்ளிரவில் தரைக்காற்றில் புறப்பட்டு, முற்பகல் முழுதும் பாரின் மேல் நங்கூரமிட்டு நின்று, கடற்காற்றில் கரை திரும்பின. ஆயினும் அந்தச் சான்றை அளவோடுதான் ஏற்கவேண்டும். குளிப்பு நடந்தது பெரும்பாலும் மார்ச், ஏப்பிரலில், இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதியில். அத்தோணிகளின் கட்டுகள் சோளகத்தைத் தாங்கின என்பதற்கு அது ஆதாரமாகாது.

காரைநகர் சீநோர் போன்ற படகுகட்டும் தளங்களிலிருந்து பைபர் உடல்கள் வரத் தொடங்கியதும் எலும்புக்கூடு மெலிந்தது. ஓடே வலுவாயிற்று. ஓடு பரந்த அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஒரு புள்ளியில் இழுத்தால் கிழியும். பைபர் படகில் கிளீட் பொருத்துவது என்றால், வள்ளத்தில் இயல்பாக இருந்த அந்தப் பரவலைக் கையால் மீண்டும் உண்டாக்குவது என்றே கொள்ளவேண்டும்.

4. இழுவையின் அளவு

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரை ஏறத்தாழ 6 கிலோகிராம் பாரத்தால் தள்ளும். 72 கிலோமீற்றர் காற்று 24 கிலோகிராமால். நம் படகு பக்கவாட்டில் திரும்பினால் காற்றுக்குக் காட்டும் பரப்பு சுமார் 4 சதுர மீற்றர். அப்படியானால் பலத்த காற்றிலும் இழுவை 100 கிலோகிராமைச் சுற்றியே நிற்கும். ஒரு சிறு கிளீட்டே இதைத் தாங்கிவிடும்.

சிக்கல் வெட்டி இழுப்பதில் இருக்கிறது. பொருட்களோடு 500 கிலோகிராம் நிறையுள்ள படகை அலை செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் பின்னே எறிகிறது என்போம். கயிறு அரை மீற்றர் நீண்டு அதை நிறுத்தினால் சராசரி விசை 50 கிலோகிராம். கயிறு 5 சென்ரிமீற்றர்தான் நீளும் என்றால் அதே படகு சராசரி 500 கிலோகிராமால் இழுக்கிறது, உச்ச விசை அதன் இருமடங்கை எட்டும். காற்று மாறவில்லை, படகு மாறவில்லை. பத்து மடங்கு வேறுபாடு கயிற்றின் நெகிழ்வில் மட்டும். கிளீட்டைப் பெரிதாக்கும் முன் கயிற்றை மாற்றுவது மலிவு.

5. தெரிவு

5.1 கயிறு. நைலோன் நன்றாக நீளும். கட்டுகயிறாகவும் நங்கூரக் கயிறாகவும் அதுவே தகும். நனைந்தால் வலு கொஞ்சம் குறையும், அது பொருட்டல்ல. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பொலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும், வெயிலில் நொறுங்கும். மன்னார் வெயிலுக்கு அதை நம்பக்கூடாது. படகின் நீளத்தில் ஒவ்வொரு 9 அடிக்கும் அரைக்கால் அங்குல விட்டம் என்ற பொதுக்கணக்கின்படி 18 அடிப் படகுக்கு 6 மில்லிமீற்றர் போதும். ஆனால் அந்தக் கயிறு உள்ளங்கையை அறுக்கும், உராய்வுக்கும் மிச்சம் வைக்காது. 10 மில்லிமீற்றரே என் தெரிவு.

5.2 உருவம். கயிற்றின் விட்டத்தைப் போல் 16 மடங்கு நீளம் கிளீட்டுக்கு வேண்டும் என்பது படகுகட்டுவோர் விதி. 10 மில்லிமீற்றர்க் கயிற்றுக்கு 150 முதல் 160 மில்லிமீற்றர். ஆனால் கொம்புள்ள கிளீட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: வலையையும் தாமானையும், அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றையும், தேடிப்பிடித்து மாட்டிக்கொள்ளும். பாயைத் திருப்பும் நேரத்தில் தாமான் அந்தக் கொம்பில் சிக்கினால் படகு கவிழவும் கூடும். ஆகவே பக்கக் கிளீட்டுகளை விளிம்பின் மேல் வைக்காமல் உட்புறமாக, விளிம்புக்குக் கீழே வைக்கவேண்டும். உயரமான குற்றியும் வேண்டாம். 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இழுக்கும் 500 கிலோகிராம், 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் உள்ள போல்ட்டுகளை 750 கிலோகிராமால் நெம்பும்.

5.3 உலோகம். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருப்பதால் உப்பை 304ஐ விட நன்றாகத் தாங்கும். ஆயினும் ஈரமரத்துக்குள் காற்றுப்படாமல் இருக்கும் இடத்தில் அதுவும் இடுக்கு அரிப்புக்கு உள்ளாகும்; வெளியே மின்னும் போல்ட் உள்ளே கழுத்தில் மெலிந்திருக்கும். அலுமினியக் கிளீட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் பூட்டினால் அலுமினியம் கரையும். பித்தளையில் துத்தநாகம் கழன்று போய்விடும். வெண்கலம் சிறந்தது, கிடைப்பதுதான் அரிது. நன்றாகச் செதுக்கிய பாலைமரக் கிளீட்டைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

6. பொருத்துதல்

இங்கேதான் வினாவுக்கு விடை. 8 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்று அறுவதற்கு ஏறத்தாழ இரண்டரைத் தொன் வேண்டும். நான்கு போல்ட்டுக்குப் பத்துத் தொன். மேலே கண்ட மிக மோசமான வெட்டிழுப்பே ஒரு தொன்தான். போல்ட் தோற்பதில்லை; அதன் தலைக்குக் கீழிருக்கும் சில மில்லிமீற்றர் பைபர் தோற்கிறது. திருகாணியால் பூட்டிய கிளீட் பைபரில் ஓரிரு புரிகளின் பிடியில் மட்டும் தொங்குகிறது. அதைக் கட்டுதளவாடம் என்று சொல்லவே கூடாது.

போல்ட் ஊடுருவிச் செல்லவேண்டும், அடியில் தாங்குபலகை வேண்டும். நீர்புகாப் பிளைவூட் 12 முதல் 18 மில்லிமீற்றர், அல்லது அதற்கு ஈடான பாலைமரத் துண்டு. அது கிளீட்டின் அடியை எல்லாப் பக்கமும் தாண்டி, இயலுமானால் அருகிலுள்ள விலாச்சட்டம் வரை எட்டவேண்டும். ஓரங்களைச் சரித்துச் செதுக்கி, பிசினில் தோய்த்த கண்ணாடி இழையால் உடலோடு ஒட்டவேண்டும். செங்குத்தான ஓரம் விட்டால் பைபர் சரியாக அந்தக் கோட்டில் வெடிக்கும். பலகைக்கும் நட்டுக்கும் இடையே அகன்ற வாசர்.

தளத்தின் பைபர் அடுக்குகளுக்கு நடுவில் மரமோ நுரையோ உள்ள உடலாயின் துளையைப் பெரிதாகப் போட்டு, தடித்த எப்பொக்சியால் அடைத்து, உலர்ந்தபின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிடவேண்டும். இல்லாவிட்டால் போல்ட் வழியே இறங்கும் நீர் நடுமரத்தை அழுகவைக்கும். அடைபசையைத் துளையைச் சுற்றி வளையமாக இட்டு, போல்ட் தலையைத் திருப்பாமல் நட்டை மட்டும் இறுக்குவது நல்லது. தலை சுழன்றால் பசை வளையம் அறுந்துபோகும்.

7. இடம்

அணியத்தில் ஒன்று, நடுக்கோட்டில், தாங்குபலகை முன்தலைக் கட்டையைத் தொடும்படி. பின்புறத்தில் இரண்டு, இயந்திரப் பலகையும் பக்கச்சுவரும் கூடும் மூலைகளில். அங்கே உடல் தானாகவே தடிப்பானது. கிளீட்டின் நீளம் கயிற்றின் திசையோடு 10 அல்லது 15 பாகை சரிந்திருக்கட்டும். நேராக வைத்தால் சுற்று இறுகிக் கழற்ற முடியாமல் போகும். கயிறு விளிம்பைத் தொடும் இடத்தில் வழிவளையமோ பழைய இயந்திரக் குழாயின் துண்டோ போடவேண்டும். நைலோன் நீள்வதால் அந்த ஓர் இடத்தில் இரவு முழுதும் முன்னும் பின்னும் உரசும்.

பாய்ப்படகுக்கு நான்காவது இடமும் உண்டு, பாய்மரத்தின் அடி. மரத்தின் பாரத்தைத் தாங்க எப்படியும் அங்கே ஏராவரை வலுவூட்டப்பட்டிருக்கும். வேறெதையும் நம்ப முடியாத இரவில், அணியக் கிளீட்டில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டு மிச்சக் கயிற்றைப் பாய்மரத்தடியில் முடிப்பது பழைய வள்ளக்காரர் முறையே.

புயலுக்கு இவற்றில் எதுவும் விடையாகாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2020 டிசம்பரில் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கிய புரெவியும் இந்தக் கடற்பரப்பின் வழியே சென்றவை. அத்தகைய எச்சரிக்கை வந்தால் பாய்மரத்தைக் கழற்றி, படகைக் கரையேற்றிப் பனைவரிசை வரை இழுத்துவிடவேண்டும். அந்த இழுவையில் ஆட்கள் எல்லாரும் பிடிப்பது அணியக் கயிற்றைத்தான். மணலில் புதைந்த உடலைப் பெயர்க்கும் அந்த இழுப்பு, நைலோன் கயிற்றோடு நங்கூரத்தில் ஓராண்டு கிடந்தாலும் வராத அளவுக்குப் பெரிது. அணியத்துத் தாங்குபலகையின் தடிப்பைத் தீர்மானிக்கும்போது கணக்கில் எடுக்கவேண்டிய பாரம் அதுவே.