அண்ணாமலைக்கு மூட்டையோடு வந்த சாமியார்

திருவண்ணாமலைன்னாலே கிரிவலம், தீபம், ரமணர்னு பேச ஆரம்பிச்சுடுவோம். இதே ஊர்ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தன்னோட பிரார்த்தனையையே சந்தேகப்பட ஆரம்பிச்ச கதையை யாரும் அதிகமா பேசறதில்லை. (நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் பாதிரியாரை 'சாமியார்'னுதான் கூப்பிடுவாங்க. இவருக்கு அந்தப் பேரு ரெண்டு விதத்துலயும் பொருந்தும்!)

பேரு ஹென்றி லெ சோ. 1910-ல் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் பிறந்தவர், பெனடிக்டின் சபைத் துறவி. 1948-ல் இந்தியா வந்தார். இங்கே ஏற்கெனவே 1939-லிருந்து இருந்த மோன்ஷனன் என்ற பிரெஞ்சுக் குருவோடு சேர்ந்து, 1950-ல் குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையோரம் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். அப்போது வைத்துக்கொண்ட பெயர்தான் அபிஷிக்தானந்தர்.

ரெண்டு பேரும் காவி கட்டினாங்க, மரக்கறி சாப்பிட்டாங்க, தரையில உக்காந்து ஜெபம் பண்ணினாங்க. எல்லாம் சரி, நோக்கம் என்ன? அதை அவங்க மறைக்கவே இல்லை. இந்தியாவின் ஆன்மத் தேடல் கடைசியில் கிறிஸ்துவிடம்தான் நிறைவடையும்னு நம்பினாங்க, அதை எழுதியும் வச்சாங்க. அதாவது தியானத்துக்குப் பின்னாடி ஒரு திட்டம் இருந்தது.

அந்தத் திட்டத்தில் முதல் விரிசல் விழுந்தது 1949 ஜனவரியில், ரமணாசிரமத்தில். மகான்னா முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும்னு உற்று உற்றுப் பார்த்தாராம். ஒண்ணும் தெரியலை. சொந்தத் தாத்தா ஞாபகம்தான் வந்ததாம். ஏமாற்றத்தை ஆசிரமத்திலிருந்த எதெல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியிடம் சொன்னார். அந்தம்மா முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க: நீங்க ரொம்ப மூட்டை முடிச்சோட வந்திருக்கீங்க, கிடைக்க வேண்டியது நீங்க போட்ட வழியிலதான் வரணும்னு அடம் பிடிக்கறீங்க, முதல்ல காலி பண்ணுங்க என்கிற மாதிரி.

அப்புறம் காய்ச்சல் வந்து படுத்தார். இங்கே பார்த்ததையெல்லாம் தன் பழைய சிந்தனைச் சட்டத்துக்குள் அடைக்கப் பார்த்ததாகவும், எதுவும் அடங்கவில்லை என்றும் அந்தக் காய்ச்சல் கனவுகளைப் பற்றிப் பிறகு எழுதினார். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்துவிட்டார். இவர் விடவில்லை. 1952 முதல் திரும்பத் திரும்ப வந்து அருணாசல மலைக் குகைகளில் மௌனமாக இருந்தார்.

இனிமேதான் விஷயமே. குகையில் எழுதிய டைரியில் அவர் தன்னையே கூண்டில் ஏற்றினார். நான் யாருக்காக ஜெபிக்கிறேன்? கடவுளுக்காகவா, இந்துக்களுக்குள் நுழையவா? இங்கே கிடைக்கிற அமைதி உண்மைன்னா, நான் செய்யும் பூசை வெறும் வழக்கமா? ரெண்டு பக்கமும் துரோகம் செய்கிறேனா? பரிசேயனும் ஆயக்காரனும் கோவிலுக்கு ஜெபிக்கப் போன கதையைச் சொன்னவர் இயேசு. ஜெபத்துக்குள்ளேயும் பெருமை ஒளிந்திருக்கும் என்பது கிறிஸ்தவர்களுக்குப் புதுசு இல்லை. ஆனா தான் கடல் தாண்டி வந்த காரணத்தையே அந்தத் தராசில் வைத்துப் பார்த்தவர் அபூர்வம்னு நினைக்கிறேன்.

விடை கிடைச்சுதான்னு கேக்கறீங்களா? 1956-ல் கும்பகோணத்தில் ஒரு அறைக்குள் ஒரு மாதத்துக்கு மேல் மௌனமாக அடைந்து கிடந்தார். மோன்ஷனனுக்கு இவர் போக்கில் ரொம்பவே கவலை, 1957-ல் அவரும் போய்விட்டார். 1968-ல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு இவர் இமயத்துக்கே போனார். ஆனாலும் திருச்சபையை விடவில்லை, குருத்துவத்தை விடவில்லை, உபநிஷத்தையும் விடவில்லை. அவசரப்பட்டு ரெண்டையும் ஒட்டுப்போடுவதை விட, அந்த இழுபறியிலேயே இருப்பது மேல்னு கடைசிக் காலக் கடிதம் ஒன்றில் எழுதினார்.

1973 டிசம்பரில் இந்தூரில் இறந்தார். குகையில் எழுதிய அந்த டைரி 1986-ல்தான் பிரெஞ்சில் புத்தகமாக வந்தது. அதுவரை அந்தச் சண்டை எவ்வளவு கடுமையா நடந்ததுன்னு வெளியே பலருக்குத் தெரியாது.