ஹைதரிகளின் பச்சிலை

கெய்ரோ மாநகரின் வீதிகள், தோட்டங்கள், அங்காடிகள், பள்ளிவாயில்கள் ஆகியவற்றின் வரலாற்றைத் துருவித் துருவி எழுதிவைத்த பேரறிஞர் அல்மக்ரீஸி (மறைவு கி.பி. 1442), தம்முடைய 'கிதத்' என்னும் பெருநூலில் ஒரு செடிக்கும் இடம் ஒதுக்கியிருக்கின்றார். இன்று நாம் கஞ்சா என்றழைக்கும் செடியே அது. அரபு மக்கள் அதனை 'ஹஷீஷ்' என்றனர். அச்சொல்லுக்கு உலர்ந்த புல் என்பதே நேர்ப்பொருள். இத்தனை எளிய பெயரைத் தாங்கிய ஒரு பொருள், முஸ்லிம் உலகின் மருத்துவர், மார்க்கச் சட்ட வல்லுநர், ஃபக்கீர், சுல்தான் ஆகிய நால்வகையாரையும் பல நூற்றாண்டுகள் அலைக்கழித்திருக்கின்றது.

மக்ரீஸி எடுத்துக் காட்டும் கதை இது. ஹிஜ்ரி 658-இல் (கி.பி. 1260) துஸ்தர் நகரத்தில், ஜஅஃபர் ஷீராஸி என்னும் ஹைதரி ஃபக்கீர் ஒருவர் தம் தரீக்காவின் மூலவரான ஷைகு ஹைதரைப் பற்றி எடுத்துரைத்தார். குராசானில், நைஸாப்பூரை அடுத்த மலையொன்றில் ஷைகு பத்தாண்டுகளுக்கு மேலாகத் தனித்திருந்து தவவாழ்வு நடத்தி வந்தார். ஒருநாள் உச்சி வெயிலில் தன்னந்தனியே வெளியே சென்றவர், முகத்தில் முன் எப்போதும் கண்டிராத பூரிப்புடன் திரும்பினார். தோழர்களை உள்ளே அழைத்து மகிழ்வுடன் உரையாடினார். காரணம் வினவியபோது, காற்று அசையாத அந்தக் கடும் வெப்பத்தில் மரஞ்செடிகள் யாவும் உறைந்து நிற்க, ஒரு செடி மட்டும் மது உண்டவனைப் போல் மெல்ல ஆடிக்கொண்டிருக்கக் கண்டதாகவும், அதன் இலைகளைப் பறித்து உண்டதாகவும் சொன்னார். அதனைப் பாமரர்க்கு மறைத்து, ஃபக்கீர்களுக்கு மட்டும் உரைக்குமாறு பணித்தார். ஹிஜ்ரி 618-இல் (கி.பி. 1221) அன்னார் மறைந்த பின்னர், அவர் விருப்பப்படியே அடக்கத்தலத்தைச் சுற்றிலும் அச்செடி பயிரிடப்பட்டதாம்.

கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் மக்ரீஸி நேர்மையான வரலாற்றாசிரியர். இக்கதையை அடுத்து, கலந்தரி வழியைச் சார்ந்த மற்றொரு ஷைகின் மறுப்பையும் அவர் பதிந்துள்ளார். ஷைகு ஹைதர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அவ்விலையைத் தீண்டியதில்லை என்றும், அவருடைய தோழர்களிடையே அப்பழக்கம் பெயர் பெற்றுவிட்டமையால் குராசான் மக்கள் அதனை அவர் தலையில் ஏற்றிவிட்டனர் என்றும், உண்மையில் அது இந்தியாவிலிருந்து வந்த பழக்கமே என்றும் அந்த ஷைகு கூறுகின்றார்.

இவ்விரண்டில் எதனை ஏற்பது? ஷைகின் மறைவுக்கும் துஸ்தர் நகரக் கதைக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கிடக்கின்றன. ஷைகு மறைந்த அதே 1221-ஆம் ஆண்டில்தான் மங்கோலியர் நைஸாப்பூரைத் தரைமட்டமாக்கினர். ஊரும் உற்றாரும் இழந்த ஃபக்கீர்கள் மேற்கு நோக்கி அலைந்த காலம் அது. தம் கையிலிருந்த பழக்கத்திற்கு ஒரு பெரியாரின் பெயரை அரணாக்கிக்கொள்ளும் தேவை அவர்களுக்கு இருந்திருக்கும் என்றே நாம் கருதுகின்றோம். மறுப்புரைத்தவருக்கு அத்தகைய ஆதாயம் ஏதுமில்லை. ஷைகு அடங்கியுள்ள ஸாவா என்னும் ஊர் இன்று அவர் பெயராலேயே துர்பத்தே ஹைதரிய்யா என வழங்குகின்றது. ஈரானில் அவ்வூருக்குப் புகழ் சேர்ப்பது குங்குமப்பூ விளைச்சல் என்பதை இடையே சொல்லிவைப்போம்.

ஹைதரிகளுக்கு முன்பே இச்செடியை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். இப்னு சீனா தம் 'கானூன்' நூலில் 'கின்னப்' என்று இதனைக் குறிப்பிடுகின்றார். அதன் நார் கயிறாயிற்று, விதை மருந்தாயிற்று. ஆனால் இலையை மயக்கத்திற்காக உண்ணும் வழக்கத்தைக் கண்ணாரக் கண்டு எழுதியவர்களுள் தலைசிறந்தவர், அந்தலூசியாவின் மாலகாவில் பிறந்து கி.பி. 1248-இல் திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் ஆவார். 'இந்தியக் கின்னப்' என்னும் வகையைத் தாம் எகிப்தில் மட்டுமே கண்டதாகவும், தோட்டங்களில் அது பயிரிடப்பட்டதாகவும், ஓரிரு திர்ஹம் எடை உட்கொண்டாலே மயக்கம் தருவதாகவும், மிகுதியாக உட்கொண்டோர் சித்தம் கலங்கிப் பித்தர் ஆனதும், சிலர் உயிர் துறந்ததும் உண்டென்றும் அவர் எழுதுகின்றார். ஃபக்கீர்கள் அதனைப் பக்குவம் செய்த முறைகளையும் விவரிக்கின்றார். சிலர் இலையை நன்கு வேகவைத்துக் கையால் பிசைந்து உருண்டையாக்கினர். சிலர் உலர்த்தி, வறுத்து, கசக்கி, தோல் நீக்கிய எள்ளும் சர்க்கரையும் கூட்டி நெடுநேரம் மென்றனர்.

வறுப்பதும் எள் சேர்ப்பதும் வெறும் சுவைக்காகவா? கெய்ரோவில் வாழ்ந்த மாலிக்கி மத்ஹபின் பேரறிஞர் இமாம் அல்கராஃபி (மறைவு கி.பி. 1285) காலத்தில் இது மார்க்கச் சட்ட வினாவாகவே எழுந்தது. இப்பொருளை மடியில் வைத்துக்கொண்டு தொழுதவனின் தொழுகை நிறைவேறுமா என்று வினவப்பட்டபோது, வறுப்பதற்கு முன்பாயின் நிறைவேறும், வறுத்த பின்பாயின் நிறைவேறாது, ஏனெனில் வறுத்த பின்னரே அதற்கு அறிவை மறைக்கும் ஆற்றல் உண்டாகின்றது எனச் சிலர் விடையளித்தனர். இமாம் கராஃபி அத்துடன் அமைந்துவிடவில்லை. அதனை உண்ணும் வழக்கமுடையோர் பலரிடம் நேரில் விசாரித்தார். சிலர் வறுத்தால்தான் வேலை செய்யும் என்றனர். வேறு சிலரோ, எந்நிலையிலும் வேலை செய்யும், வறுப்பது சுவைக்காகவே என்றனர்.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து அவ்வழக்கு வேதியியல் கூடத்தில் தீர்ந்தது. 1964-இல் ரஃபாயில் மெக்கூலம், யெஹியல் காவோனி என்னும் இரு வேதியியலார் கஞ்சாவின் மயக்கப் பொருளான 'டி.எச்.சி.'யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். பச்சை இலையில் அது பெரும்பாலும் மயக்கம் தராத அமில வடிவிலேயே இருக்கின்றது. சூடேறும்போதுதான் மயக்கப் பொருளாக மாறுகின்றது. அது நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எள்ளின் வேலை அதுவே. கராஃபியிடம் முதல் விடை சொன்னவர்களே மெய் சொன்னவர்கள்.

இமாம் கராஃபியின் மற்றொரு கருத்து இதனினும் வியப்புக்குரியது. மதியைத் தாக்கும் பொருள்களை அவர் மூன்றாக வகுத்தார். புலன்களையே உறங்க வைப்பது ஒன்று. களிப்பும் துணிவும் ஊட்டி அறிவை மறைப்பது இரண்டாவது, மது இவ்வகை. களிப்பூட்டாமல் அறிவைக் குலைப்பது மூன்றாவது. ஹஷீஷை அவர் மூன்றாம் வகையில் சேர்த்தார். அது புதிதாக எதையும் கொணர்வதில்லை, உடலில் உறையும் தோஷத்தையே கிளறிவிடுகின்றது என்பது அவருடைய விளக்கம். பித்த உடம்பினர் சீற்றங் கொள்கின்றனர். கப உடம்பினர் வாய் பேசாது உறங்குகின்றனர். கரும்பித்தம் மிக்கோர் அழுது அஞ்சுகின்றனர். குருதி மிக்கோர் மகிழ்கின்றனர். தோஷக் கணக்கை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும் இத்தகைய பொருள்களின் விளைவு, உண்பவனின் மனநிலையையும் சூழலையும் பொறுத்தே அமைகின்றது என்பதை இன்றைய ஆய்வாளரும் ஒப்புகின்றனர்.

ஃபக்கீர்களில் சிலர் இதனை இறையுணர்வுக்கான ஏணி என்றே கருதினர். 'ஹைதரிய்யா', 'கலந்தரிய்யா' எனத் தம் தரீக்காப் பெயர்களையே அதற்கு இட்டனர். உலகக் கவலை அகலுகின்றது, சிந்தை குவிகின்றது, காலம் நீள்கின்றது என்றனர். இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 1962-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மார்ஷ் தேவாலயத்தில், பெரிய வெள்ளியன்று, இறையியல் மாணவர் இருபதின்மரைக் கொண்டு வால்ட்டர் பாங்க்கி என்னும் மருத்துவர் ஓர் ஆய்வு நடத்தினார். பாதிப் பேருக்குச் சில காளான்களில் காணப்படும் 'சைலோசைபின்' வழங்கப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் எய்தியதாகக் கூறினர். ஆயின் ஒருவர் தேவாலயத்தை விட்டு வெளியேறித் தம் வசமிழந்து, பிடித்து நிறுத்தி ஊசி மருந்தால் அமைதிப்படுத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. அச்செய்தி முதல் அறிக்கையில் இடம்பெறாமல், 1991-இல் வெளியான மறு ஆய்வில்தான் வெளிப்பட்டது. அல்கராஃபியாயிருந்தால் அதனை முதல் ஏட்டிலேயே எழுதியிருப்பார்!

தஸவ்வுஃபில் 'சுக்ர்' என்னும் மயக்கநிலையும் 'ஸஹ்வு' என்னும் தெளிநிலையும் நெடுங்காலம் ஆராயப்பட்டவை. பாயஸீது பிஸ்தாமி (ரஹ்) அவர்களை முன்னவற்றுக்கும், பக்தாதின் ஜுனைது (ரஹ்) அவர்களைப் பின்னவற்றுக்கும் தலைவராகச் சொல்வர். லாகூரில் அடங்கியுள்ள ஹுஜ்வீரி (ரஹ்) தம் 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' நூலில் இரு தரப்பையும் எடைபோட்டுத் தெளிநிலையின் பக்கமே நின்றார். இவ்விவாதம் முழுவதும் இறைநினைவில் விளையும் மயக்கத்தைப் பற்றியதேயன்றி, இலை தரும் மயக்கத்தைப் பற்றியதன்று. நம் தமிழகத்தில் சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட குணங்குடியார் (1792–1838), மயங்கியவர் எனப் பொருள்படும் 'மஸ்தான்' என்னும் பெயரால் வழங்கப்படுவதும் அப்பொருளிலேதான். சொல் ஒன்றாயிருப்பதைக் கொண்டு பொருளையும் ஒன்றாக்கும் விளையாட்டை அன்றைய ஹைதரிகளும் ஆடினர். இன்றும் சில தர்காக்களின் மதிற்சுவர் ஓரத்தில் அமர்ந்து புகைப்போர் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றனர்.

மார்க்கச் சட்ட அறிஞர் அனைவரும் மதி மயங்க இதனை உண்பது ஹராம் என்பதில் ஒன்றுபட்டனர். ஆயின் அதன் தண்டனை, தூய்மை, மருத்துவப் பயன் ஆகியவற்றில் கருத்து வேறுபாடு பெரிது. தார்த்தாரியரின் எழுச்சியோடுதான் இது முஸ்லிம்களிடையே பரவியது என்றுரைத்த இப்னு தைமிய்யா (மறைவு 1328), மதுவுக்குரிய கசையடியே இதற்கும் உரியது என்றார். இமாம் கராஃபியோ, நீதிபதி தம் மதிப்பீட்டுக்கேற்ப வழங்கும் கண்டனை போதும் என்றார். நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், இமாம் நவவி (ரஹ்) இதனை ஹராம் என்று கொண்டும், மதுவைப் போல் நஜீஸ் எனக் கொள்ளவில்லை. பின்வந்த கெய்ரோ அறிஞர் இமாம் ஸர்கஷீ (மறைவு 1392) இப்பொருளுக்கென்றே தனிநூல் இயற்றி, இதனை உண்டு மயங்கியவன் சொல்லும் தலாக் முதல் இதன் விற்பனை வரை ஒவ்வொன்றாக அலசினார்.

இவற்றுள் ஒரு சட்டவினா நம் உள்ளத்தைப் பெரிதும் தொடுகின்றது. அழுகிப்போன கையை வெட்டியெடுக்க வேண்டியிருக்கும் நோயாளிக்கு, வலி தெரியாமலிருக்க அறிவை மறைக்கும் பொருளைக் கொடுக்கலாமா? இமாம் ராஃபிஈ (ரஹ்) இவ்வினாவை எழுப்ப, கொடுக்கலாம் என்பதே மிகச் சரியானது என்று இமாம் நவவி (ரஹ்) தீர்ப்புரைத்தார். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யும் முறையை மேலை நாட்டு மருத்துவமனைகள் 19-ஆம் நூற்றாண்டில்தான் கைக்கொண்டன. அறிவைக் காப்பதற்காக ஹராம் என்றவர்களே, உயிரைக் காப்பதற்காக வாயிலைத் திறந்தும் வைத்தனர்.

ஆட்சியாளர் செயல் இத்துணைத் தெளிவுடையதாய் இல்லை. எகிப்தில் ஹஷீஷுக்கு அரசு வரி தண்டிவந்தது. சுல்தான் பைபர்ஸ் ஹிஜ்ரி 665-இல் அவ்வரியை ஒழித்து, மதுவையும் கொட்டச் செய்தார். ஹிஜ்ரி 780-ஐ ஒட்டி அமீர் சூதூன் ஷைகூனி, கெய்ரோவின் ஜுனைனா தோட்டத்தில் செடிகளைப் பிடுங்கியெறிந்ததுடன், உண்டவர்களின் கடைவாய்ப் பற்களையும் பிடுங்கச் செய்தார். பயன்? ஹிஜ்ரி 815-இல் அதனை நாணமின்றி வெளிப்படையாகவே உண்கின்றனர் என்று மக்ரீஸி மனம் நொந்து எழுதுகின்றார்.

மருத்துவத்திற்கு மீள்வோம். 15-ஆம் நூற்றாண்டில் அல்பத்ரீ என்பார் ஹஷீஷையும் மதுவையும் பற்றி எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சி காணப்படுகின்றது. கலீஃபாவின் அரசவை அதிகாரி ஒருவரின் மகன் ஸஹீருத்தீன் முஹம்மது காக்காய் வலிப்பால் துன்புற்றார். அலீ இப்னு மக்கீ என்னும் கவிஞர் அவருக்கு வற்புறுத்தி ஹஷீஷ் கொடுத்தார். வலிப்பு நின்றது. ஆனால் அதன்பின் ஒரு கணமும் அப்பொருளின்றி அவரால் இருக்க முடியவில்லை. நோயும் தீர்ந்து அடிமைத்தனமும் வந்த இக்கதையை அல்பத்ரீ ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கின்றார்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஓஷானெஸி 1839-இல் இந்தியக் கஞ்சாவைப் பற்றி ஆய்வுரை எழுதியபோது, மக்ரீஸியின் குறிப்புகளை எடுத்தாண்டார். ஹூக்ளி இமாம்பாராவின் முத்தவல்லி சையித் கராமத் அலீயிடமும், தெஹ்ரானிலிருந்து வந்திருந்த ஹகீம் ஒருவரிடமும் கேட்டறிந்தார். பின்னரே விலங்குகளிடத்தும் நோயாளிகளிடத்தும் சோதித்தார். மேலை மருத்துவத்திற்கு இம்மருந்து சென்ற வழி அதுவே. அவர் பயன்கண்டதாக எழுதிய நோய்களுள் குழந்தையின் வலிப்பும் ஒன்று.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் தடைசெய்தது. 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, குழந்தைப் பருவத்தில் தோன்றும் இரு கொடிய வலிப்பு நோய்களுக்கு அச்செடியிலிருந்தே எடுத்த மருந்தொன்றை ஏற்பளித்தது. டி.எச்.சி. அன்று, 'கன்னாபிடையால்' என்னும் மற்றொரு பொருளே அதில் உள்ளது. அது மயக்கம் தருவதில்லை. எண்ணெயில் கரைத்து, குழந்தையின் எடைக்கேற்ப அளந்து, வாய்வழி புகட்டுகின்றனர். அந்த எண்ணெய் எள்ளெண்ணெய்தான்.