நடிகர் டைரக்டர் ஆனார்

மலாயாவில் சினிமா பிறந்து வளர்ந்த கதையை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை தெற்றெனப் புலப்படும். அதன் இளமைப் பருவத்தில் டைரக்டர் நாற்காலியில் அமர்ந்தவர்களுட் பலர் இந்தியாவினின்று வந்தவர்களே. 1933-ல் சிங்கப்பூரில் ‘லைலா மஜ்னுன்’ என்னும் மலாய்ப் படத்தை எடுத்தவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். போருக்குப்பின் எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் முதலிய தமிழரும் மலாய்ப் படங்களை இயக்கினர். இவர்கள் திறமையில் குறைந்தவரல்லர். எனினும், இந்தியக் கதைக்கு மலாய்ப் பெயர் சூட்டி வெளியிட்ட படங்கள் பலவாயின. காமிராவின் முன் நின்றவர் மலாய்க்காரர். எவருடைய வாழ்வைக் காட்டுவதென்று தீர்மானித்தவரோ வேறொருவர்.

இந்நிலையை மாற்றியோருள் தலையாயவர் பி. ராம்லி. 1929 மார்ச் 22-ல் பினாங்கில் பிறந்தவர். தந்தை அச்சேயிலிருந்து வந்தவர். 1948-ல் இவரது பாட்டைக் கேட்ட ராஜ்ஹன்ஸ், சிங்கப்பூர் ஜாலான் அம்பாசிலிருந்த ஷா சகோதரர் ஸ்டூடியோவுக்கு இவரை அழைத்தார். அவ்வாண்டே ‘சிந்தா’ படத்தில் பின்னணி பாடினார். சிறு வேடமும் ஏற்றார். 1950-ல் கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ இவரைக் கதாநாயகனாக்கியது. ஏழாண்டுகள் பிறர் சொற்படி நடித்து, தொழிலின் நுட்பங்களையும் கற்றார்.

1955-ல் டைரக்டர் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. முதற் படத்திற்கு இவர் தேர்ந்த நாயகன் அரசனா? ஜமீன்தாரா? இல்லை; பேச்சா மிதித்து வயிறு வளர்க்கும் ஓர் ஏழை! படத்தின் பெயரே ‘பெனாரிக் பேச்சா’. செல்வன் வீட்டுப் பெண்ணை அவ்வேழை விரும்புவதும், பணத்திமிர் அதற்குக் குறுக்கே நிற்பதுமே கதை. வியர்வை சிந்துவோனும் காவியத்துக்கு உரியவனே என்பதை இவர் வெள்ளித்திரையில் நிலைநாட்டினார்.

டைரக்டரானதும் பிறரிடம் கற்பதை இழிவென எண்ணினாரில்லை. மலாக்கா வாசிகளாகிய நாம் நன்கறிந்த வீரன் ஹங் துவாவாக 1956-ல் நடித்தது, வங்காளியரான பானி மஜும்தாரின் கீழ்தான். அவரே இயக்கிய ‘அனாக்கு சசாலி’, 1957-ல் தோக்கியோவில் நடந்த ஆசியப் படவிழாவில் ராம்லிக்குச் சிறந்த நடிகர் பரிசைத் தேடித் தந்தது.

1964-ல் கோலாலம்பூர் சென்றபின் அவருக்குப் பழைய செல்வாக்கு வாய்க்கவில்லை. 1973 மே 29-ல், 44-ஆம் வயதில், வறுமையிடையே மாண்டார். ‘டான் ஸ்ரீ’ பட்டம் வந்ததோ 1990-ல்! உயிரோடிருந்தபோது கிட்டாத மரியாதையால் கலைஞனுக்கு என்ன பயன்?

இதில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு. மலாய்ச் சினிமாவுக்குத் தொழில் கற்பித்தோருள் தமிழரும் இருந்தனர். ஆயினும், பால்மரக் காட்டில் தேய்ந்த நம்மவர் வாழ்வு ‘செம்மண் சாலை’ என்ற தமிழ்ப் படமாக வெளிவந்தது 2005-ல்தான். பேச்சாக்காரனுக்கு ராம்லி கிடைத்தான். தோட்டத் தொழிலாளியின் கதையைச் சொல்ல நம் பிள்ளைகளன்றோ முன்வர வேண்டும்? அவர்கள் வாழும்போதே ஆதரிப்பது நம் கடன்.