நிலநடுக்கோட்டருகே ஒரு புயல்: வாமெயும் துவாஸ் கரையும்

புவிச்சுழற்சியின் விலக்குவிசை நிலநடுக்கோட்டருகே மிகக் குன்றுவதால், அங்கு 5 பாகைக்குள் புயல் தோன்றுவது அரிது. சிங்கப்பூர்க் கரை புயலறியாதது என்னும் எண்ணம் இதனால் நிலைபெற்றது. எனினும் 2001 டிசம்பர் 26ஆம் நாள், தென்சீனக் கடலில் ஏறத்தாழ 1.5 பாகை வடக்கே வாமெய்ப் புயல் உருவாயிற்று. வடகிழக்குப் பருவக்காற்றின் வலிய வீச்சு போர்னியோவை ஒட்டிய காற்றுச்சுழலோடு கூடியதே காரணம். மறுநாள் அது சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் கரை கடந்தது. ஜொகூரில் வெள்ளமும் நிலச்சரிவும் நேர்ந்தன; உயிர்களும் பலியாயின. இத்தகைய புயல் 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறையே நேரக்கூடும் என ஆய்வாளர் கணித்தனர்.

ஜொகூரை அடுத்துள்ள துவாஸ், கடலைத் தூர்த்து விரிவாக்கப்பெற்ற நிலம். 2022இல் முறைப்படித் திறக்கப்பெற்ற அதன் துறைமுகம், கடல்மட்ட உயர்வைக் கருதி ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் அமைக்கப்பட்டுள்ளது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயலுக்குப் பறிகொடுத்த வரலாற்றை அறிந்த நாம், வாமெயையும் நம் கடற்கரை வரலாற்றுப் பாடத்தில் சேர்த்தல் வேண்டும்.