அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி
நேபாளத்தின் நடு இமயமலையில், மக்கள் தம் ஊர்களிலேயே வாழ்ந்தபடி மலைவளத்தைப் பேணும் காப்பு நிலப்பரப்பு. பரப்பளவு 7,629 ச.கி.மீ.; நாட்டின் காப்புப் பகுதிகளில் மிகப் பெரியது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 790 மீட்டரில் தொடங்கி 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணா முதற் சிகரம்வரை செல்கிறது. பனிச்சிறுத்தை, கத்தூரிமான், நீலச்செம்மறி ஆகியன இங்குள்ள விலங்குகள். குருங், மகர், தகாலி, மனாங்கி முதலிய இனத்தார் வாழ்கின்றனர்.

1973ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியப் பூங்காக்களை இராணுவம் காத்தது. ராரா தேசியப் பூங்காவுக்காக ஊர்களே இடம்பெயர்க்கப்பட்டன. இதற்கு மாறான வழியாக, 1986இல் காந்த்ருக்கில் முன்னோடித் திட்டம் தொடங்கியது. 1992இல் இதைப் பாதுகாப்புப் பகுதியாக்கும் அரசிதழ் அறிவிப்பு வெளியானது. நிர்வாகம் அரசுத் துறையிடம் அல்லாமல், இன்று இயற்கைப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை எனப்படும் அமைப்பிடம் உள்ளது. ஊர்தோறும் உள்ள பாதுகாப்பு மேலாண்மைக் குழு விறகு, மேய்ச்சல், மரம்வெட்டு ஆகியவற்றை முறைப்படுத்துகிறது. மலையேறிகளின் நுழைவுக் கட்டணம் இப்பகுதியின் பணிகளுக்கே செலவாகிறது. திட்டத்தின் உயிர்நாடி இந்த ஏற்பாடே.

மலையேறிகளுக்குச் சமைக்கவும் குளிக்க வெந்நீர் போடவும் விறகு ஏராளமாக எரிந்தது. ஆகவே அன்னபூர்ணா அடிவார முகாமுக்குச் செல்லும் மேல்வழியில் விறகு தடைசெய்யப்பட்டு மண்ணெண்ணெய்க் கிடங்குகள் அமைந்தன. விடுதி அடுப்புகளில் நீர்க்குழாய் பொருத்தப்பட்டதால், சோறு வேகும் சூட்டிலேயே வெந்நீரும் கிடைத்தது. அன்னையர் குழுக்கள் நடைபாதை பழுதுபார்ப்பு, தூய்மைப் பணிகளை ஏற்றன.

சுற்றுலா வருவாய் மலையேற்றப் பாதையோர ஊர்களில் குவிவதும், மனாங், முஸ்டாங்வரை சென்றுவிட்ட வாகனச் சாலைகளும் தொடரும் சிக்கல்கள்.