துண்டும் கணினியும்: மலையக ஆள்சேர்ப்பு வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

தொழிலுக்கு ஆட்களைத் தெரியும் பணியிற் செயற்கை நுண்ணறிவு புகுந்துள்ள இந்நாளில், இயந்திரத்துக்கு விருப்பு வெறுப்பு இல்லை, ஆதலின் அதன் தெரிவு நீதியானது என்ற வாதம் பரவலாக முன்வைக்கப்படுகிறது. நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வாதம் முற்றிலும் புதியதன்று. கணக்கு என்ற பெயரில் ஒரு தாள் மனிதரின் கதியைத் தீர்மானித்தமை அங்கு நெடுங்காலம் நிலவிய நடைமுறையாகும்.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள்கட்டி வந்தவர் கங்காணி. அவர் தம் உறவினரையும் ஊராரையும் முன்பணங் கொடுத்து அழைத்து வந்தார். வழிச்செலவும் அரிசியும் கடனாகவே எழுதப்பட்டன. 1901 இல் தொடங்கிய தகரச் சீட்டு முறையின் கீழ், தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் பொறித்த தகட்டைக் கழுத்தில் அணிந்தே தொழிலாளர் மலையேறினர். பெயருக்கு முன் இலக்கம் வந்தது. ஆயினும் இம்முறையின் உயிர்நாடி 'துண்டு' எனப்பட்ட சீட்டிலேயே இருந்தது. இன்ன தொகை செலுத்தப்படின் இக்கங்காணியையும் அவர் ஆட்களையும் விடுவிப்பேன் என்று தோட்டத் துரை ஒப்பமிட்டுக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதனைக் கொண்டு வேறு துரைமாரிடம் பேரம் பேசுவார். பழைய கடனிலும் பெருந்தொகையை முன்பணமாகப் பெறுவார். மிகுதி அவர் மடியில் விழும், சுமையோ ஆட்களின் தலையில் ஏறும். தொழிலாளி எந்தத் தோட்டத்தில் உழைப்பது என்பதை அவரது திறனோ விருப்பமோ தீர்மானிக்கவில்லை; அவரால் வாசிக்க முடியாத, சரிபார்க்க முடியாத ஓர் எண்ணே தீர்மானித்தது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. கங்காணியின் ஆதிக்கம் அத்துடன் முடிந்துவிடவில்லை என்பது வேறு கதை.

துண்டு ஒழிந்த பின்னரும் ஏடு ஒழியவில்லை. 1927 ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து 1929 இல் குறைந்தபட்சக் கூலி நிருணயிக்கப்பட்டபோது, உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என வகுக்கப்பட்டது. பெண்ணின் உழைப்பு மலிவானது என்பது இங்ஙனம் சட்டமாகவும் ஏட்டுப் பதிவாகவும் ஆயிற்று. ஆண், பெண் சம்பளம் சமமாக்கப்பட்டது 1984 இலேயே. பிரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் முறையிலோ பழைய பிரிவினை இன்னும் பெரிதும் மறையவில்லை. கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களை மேற்பார்வை செய்வோர் பெரும்பாலும் ஆண்கள். குறித்த நிறை எட்டப்படாத நாளில் 'அரைப் பேர்' விழுகிறது. வறட்சியால் துளிர் அடங்கியதா, மலைச்சரிவு செங்குத்தானதா, செடிகள் முதிர்ந்து வலுவிழந்தனவா என்பவற்றுக்கு அந்த ஏட்டிற் கட்டமில்லை. கிலோ மட்டுமே எழுதப்படுகிறது.

இத்தகைய ஏடுகளை ஒரு கணினிக்குப் பாடமாகக் கொடுத்து, மேற்பார்வையாளர் பதவிக்குத் தக்கவரைத் தெரிந்து தருக என்று கேட்போமாயின் விளைவு யாது? இது வெறும் கற்பனை வினாவன்று. அமெரிக்க நிறுவனமான அமேசன் 2014 முதல் உருவாக்கிய ஆட்தெரிவுச் செயலி, பத்தாண்டு விண்ணப்பங்களைக் கற்று, அவற்றுட் பெரும்பாலானவை ஆண்களுடையனவாக இருந்தமையால், பெண்கள் என்ற சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது. அச்செயலி கைவிடப்பட்ட செய்தி 2018 இல் வெளியாயிற்று. இயந்திரம் பொய் சொல்லவில்லை. கடந்தகால வர்க்க, பால் உறவுகளைத் தகுதி என்ற பெயரில் உண்மையாகவே ஒப்பித்தது. தோட்ட ஏட்டைக் கற்கும் இயந்திரமும் பெண் பறிப்பதற்கும் ஆண் ஏவுவதற்கும் உரியவர் என்றே கற்கும். லயத்து முகவரியும் தோட்டப் பாடசாலையின் பெயரும் கொழும்பிலுள்ள நிறுவனமொன்றின் கணினியில் எவ்வகைக் குறிகளாக மாறும் என்பதும் இங்கு எழுப்பவேண்டிய வினாவே.

இயந்திரம் வேண்டா என்பதன்று எமது கருத்து. கங்காணியின் முகத்தாட்சணியத்திலும் பரிசோதிக்கத்தக்க கணக்கு மேலானது. ஆனால் அப்பரிசோதனையைச் செய்வது யார் என்பதே பிரச்சினை. 1931 இல் தொழிற்சங்கச் சம்மேளனம் அமைத்த கோ. நடேசய்யர் சட்டத்தைத் தொழிலாளர்க்கு விளங்கும் தமிழில் எழுதி அளித்தமையின் முக்கியத்துவத்தை இவ்விடத்து நினைவுகூரலாம். தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே வாசித்து மறுக்கும் வலுவை அவர் உழைப்போர்க்கு ஊட்ட முயன்றார். நியூயோர்க் நகரில் 2023 முதல் நடைமுறைப்படுத்தப்படும் சட்டம், ஆட்தெரிவிற் பயன்படும் இத்தகைய கருவிகள் பாரபட்சம் குறித்துத் தணிக்கை செய்யப்படவேண்டும் என்றும் விண்ணப்பதாரிக்கு முன்கூட்டி அறிவிக்கப்படவேண்டும் என்றும் விதிக்கிறது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தானியங்கு முறையில் எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமைக்கு இடமளித்துள்ளது. அட்டனிலிருந்து விண்ணப்பிக்கும் ஒரு தோட்டத்து யுவதி அவ்வுரிமையைக் கோரவேண்டுமாயின், தம்மை நிராகரித்தது ஒரு கணினி என்பதையும் எந்தப் பதிவைக் கொண்டு அது நிராகரித்தது என்பதையும் தமிழில் அவர் அறிந்திருத்தல் வேண்டும். தொழிற்சங்கங்களின் பேச்சுவார்த்தைப் பட்டியலில் சம்பளத்தோடு இதற்கும் ஓரிடம் வேண்டும் என்பது எமது துணிபு.