கறிவேப்பிலை அழகியின் வேடங்கள்

தில்லித் தமிழருக்குக் கறிவேப்பிலை என்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட். சென்ற மாதம் அங்கு வாங்கிய கொத்தில் பறவையெச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது. கழுவ முற்பட்டேன், நகர்ந்தது. குப்பியிலிட்டு இலை கொடுத்து வளர்த்தேன். (எலுமிச்சை அழகியின் புழுவும் இளமையில் இவ்வாறே தோன்றுமாதலால், முதலில் இனம் துணிய இயலவில்லை.) முதிர்ந்ததும் எச்சத்தின் வேடம் கலைந்து இலைப்பச்சை நிறம் கொண்டது, கூட்டுப்புழுவும் பச்சை. வெளிவந்தது கறிவேப்பிலை அழகி, பெண்.

அதுவரை ஒளிந்து பிழைத்த உயிர், சிறகு முளைத்தபின் எதிர்வழியை மேற்கொள்கிறது. ஆடுதின்னாப்பாளையை உண்டு நச்சேறிய ரோஜா அழகியைப் பறவைகள் தவிர்க்கும். கறிவேப்பிலை அழகியில் ஒருசார் பெண்கள் அதன் சாயலையும், வேறு சில சிவப்புடல் அழகியின் சாயலையும் கொண்டவை. எஞ்சியவை ஆணையே ஒத்தவை.

இவ்வேடம் அறிஞரையும் ஏமாற்றியது. 1758இல் லின்னேயஸ் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரு வேறு இனப்பெயர்களை இட்டார். இவை ஓரினத்தின் வடிவங்களே என்றும், ஒப்புமைக்குக் காரணம் இயற்கைத் தேர்வு என்றும் 1865இல் வாலஸ் நிறுவ முயன்றார்.

இவ்விளக்கத்தை ஐயுற்றவர் கேம்பிரிட்ஜின் பன்னெட். இப்பூச்சிகளை அவர் இலங்கையில் நேரில் கண்டவர். வேடம் சிறிது சிறிதாக அமைந்ததெனில், இடைப்பட்ட வடிவங்கள் எங்கே? அதே தீவில் ஃப்ரையர் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து 1913இல் முடிவுகளை வெளியிட்டார்: பெண்வடிவங்கள் ஒன்றோடொன்று கலவாமல், மெண்டலின் விதிப்படியே பிரிந்தன. ஆகவே வேடம் ஒரே பாய்ச்சலில் தோன்றியது என்று பன்னெட் 1915இல் நூலெழுதினார். 1927இல் ஃபிஷர் மறுத்தார்: இன்று ஒரு மரபணு வடிவத்தை மாற்றுகிறது என்பதால், அவ்வடிவம் ஒருநாளில் உருவானது என்றாகாது.

2014இல் கிருஷ்ணமேக் குண்டே முதலியோர் அம்மரபணுவை இனங்கண்டனர். பால்வேறுபாட்டை ஆளும் ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒற்றை மரபணு அது; ஆயினும் அதனுள் மாற்றங்கள் பல திரண்டுள்ளன. விசை ஒன்று என்பதில் பன்னெட்டும், அது காட்டும் ஓவியம் படிப்படியாகத் தீட்டப்பட்டது என்பதில் ஃபிஷரும் சரியாகவே கண்டனர் என்பேன். பன்னெட்டைத் தோற்றவராக மட்டும் காட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

என் குப்பியில் பிறந்தது ரோஜா அழகியின் வேடம் பூண்டிருந்தது. சிறகு உலர்ந்ததும் பலகணியைத் திறந்துவிட்டேன்.